பூஜியைப் பீரோவில் பூட்டாதீர்கள்

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் சிறு மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கூப்பிட்டால் வந்து மயக்க மருந்து கொடுத்துவிட்டுப் போகும் டாக்டர்களில் நானும் ஒருத்தி. மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் கருவிகள் பழுதில்லாமல், நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கஷ்டமான கேஸ் நம் பக்கம் அபூர்வமில்லை. குட்கா போட்டுப் போட்டு வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர்கள், தீக்காயத் தழும்பால் கழுத்து நிமிராதவர்கள், உடல் கனத்த நிறைமாதக் கர்ப்பிணிகள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். தசைகள் தளர்ந்தபின் ட்யூப் போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று ஏறவில்லை என்றால் மூளை தாங்குவது சில நிமிடம்தான். அந்த நேரத்தில், ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய நீளக் குச்சியான பூஜியைக் கேட்டதற்கு, "பீரோ சாவி சிஸ்டர்கிட்ட இருக்கு, அவங்க வார்டுக்குப் போயிருக்காங்க" என்ற பதில் ஒரு மருத்துவமனையில் கிடைத்தது. சாமான் தொலைந்துபோகும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. போதை தரும் வலிமருந்தான ஃபென்டனிலைப் பூட்டுங்கள், பூட்டத்தான் வேண்டும். பூஜியையும், தொண்டையில் வைத்துக் காற்று கொடுக்கும் எல்.எம்.ஏ.வையும் பூட்ட வேண்டாம்.

அப்புறம் ஸ்டைலட், அதாவது ட்யூபை வேண்டிய வடிவில் நிறுத்த உள்ளே செருகும் கம்பி. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியதைக் கழுவிக் கழுவி வைத்திருக்கிறோம். கம்பியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை நைந்து போனால், உருவும்போது கிழிந்து ட்யூபுக்குள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். தொண்டைக்குள் பார்க்க உதவும் பழைய லாரிங்கோஸ்கோப்பில் பல்பு திருகு லூசாக இருந்தால் அது கழன்று தொண்டைக்குள் விழலாம். கையால் ஒருமுறை முறுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் வாங்கத் தயங்காதீர்கள். 2011இல் பிரிட்டனில் வெளியான நாப்-4 ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல், அந்தக் கருவியைப் பயன்படுத்தாதது காரணமாக இருந்திருக்கலாம் என்றது. ட்யூப் உணவுக்குழாய்க்குள் போய்விட்டதை அதுபோலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

எதுவுமே கைகொடுக்காதபோது கழுத்தில் கீறி மூச்சுக்கு வழி செய்ய 10ஆம் எண் கத்தி, பூஜி, 6 சைஸ் ட்யூப் மூன்றும் ஒரே கவரில் இருக்கட்டும். அதிகச் செலவில்லை.

அடுத்த முறை கூப்பிடும்போது, நோயாளியை மேஜைக்கு ஏற்றும் முன் எனக்கும் உங்கள் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளருக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். சக்‌ஷன், சிலிண்டர், பேட்டரி எல்லாம் பார்த்துவிடுகிறோம். ஏதாவது குறைந்தால், அவசரமில்லாத கேஸை அது வரும்வரை தள்ளிவைக்கச் சம்மதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்