முதல் மூன்று நாட்கள்: பிள்ளையைக் கொன்ற பெற்றோரின் வழக்கு பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் காவல் விசாரணை அதிகாரிகளுக்கும், ரிமாண்ட் பார்க்கும் நீதித்துறை நடுவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

பெற்றவளே பிள்ளையைக் கொன்றாள் என்ற செய்தி வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் "தூக்கில் போடு" என்கிறது. மறுபக்கம் "எந்தத் தாயாவது புத்தியோடு இதைச் செய்வாளா?" என்கிறது. இதே வாதம் சில ஆண்டுகள் கழித்து செஷன்ஸ் நீதிமன்றத்திலும் நடக்கும். ஆனால் அதைத் தீர்க்கக்கூடிய சான்று அந்த நாளில் பெரும்பாலும் எவர் கையிலும் இருப்பதில்லை. அது கைதான முதல் மூன்று நாட்களில் உங்கள் கண்முன் இருந்தது. எவரும் எழுதி வைக்காததால் போய்விட்டது. இந்த மடல் அதைப் பற்றியது.

வழக்கமாக நடப்பது இதுதான். கைக்குழந்தையோடு கிணற்றில் குதித்த பெண்ணை ஊரார் தூக்கிவிடுகிறார்கள். குழந்தை போய்விடுகிறது. அவர் "நான்தான் கொன்றேன்" என்று கிராம நிர்வாக அலுவலரிடமே சொல்கிறார். தாலுகா மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போடுகிறார்கள். "கான்ஷியஸ், ஓரியன்டட், வெளிக்காயம் இல்லை, ரிமாண்டுக்குத் தகுதியானவர்" என ஒரே வரி. அரசுத் தரப்பு பின்னாளில் தூக்கிப் பிடிப்பது அந்த ஒரு வரியைத்தான். ஓரியன்டட் என்றால் நாள், இடம், ஆள் தெரிகிறது என்று மட்டுமே பொருள். தன் குழந்தை சாத்தானின் கையில் சிக்கிவிட்டது என்று உறுதியாக நம்பும் ஒருவரும் இன்று செவ்வாய்க்கிழமை என்று சரியாகச் சொல்வார். அந்த வரி உண்மைதான், ஆனால் சட்டம் கேட்கும் கேள்விக்கு அது பதில் அல்ல.

சட்டம் என்ன கேட்கிறது? 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக இருந்தது இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. செயலைச் செய்த வேளையில், சித்தம் பிறழ்ந்த காரணத்தால், செயலின் தன்மையையோ, செய்வது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதம் என்பதையோ அறிய இயலாதவராக இருந்தால் அது குற்றமல்ல. இதில் முதலில் கவனிக்க வேண்டியது "செய்த வேளையில்" என்ற சொல். நோய் இருந்தது என்ற சான்றிதழ் மட்டும் போதாது. நீதிமன்றங்கள் மருத்துவப் பித்தையும் சட்டப் பித்தையும் பிரித்தே பார்க்கின்றன. 1972-இல் ஷெரல்லி வலி முகமது வழக்கில் மனைவியையும் குழந்தையையும் கொன்றவருக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது கறாரானது: நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதாலோ, கதவை உடைத்தபோது தப்பி ஓடவில்லை என்பதாலோ ஒருவர் பித்தர் ஆகிவிட மாட்டார்.

நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் விழுகிறது (இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 108-ஆம் பிரிவு). ஆனால் அளவு குறைவு. தாஹ்யாபாய் தக்கர் எதிர் குஜராத் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இருந்திருக்கக்கூடும் என்ற நிகழ்தகவு மேலோங்கினால் போதும் என்றது. செயலுக்கு முன்னும், செயலின்போதும், பின்னும் இருந்த நிலையைக் கொண்டே அந்த வேளையின் மனநிலையை முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. விசாரணை அதிகாரிகள் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இன்னொன்று: பாபு எதிர் ராஜஸ்தான், 2007. முன்பே மனநோய் இருந்தது விசாரணையில் தெரிய வந்தால், உடனே மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி அந்தச் சான்றை நீதிமன்றத்தின் முன் வைப்பது நேர்மையான விசாரணை அதிகாரியின் கடமை. செய்யாவிட்டால் அது அரசுத் தரப்பு வழக்கிலேயே பெரிய ஓட்டை. ஆகவே எதிர்த்தரப்புக்கு உதவும்படி நாங்கள் உங்களைக் கேட்பதாக நினைக்க வேண்டாம்.

இனி, உண்மையிலேயே கடினமான இடம். தவறு என்று அறியாமை என்றால் என்ன? 1949-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த அஷிருத்தீன் அகமது வழக்கு இதை நேராகவே கேட்டது. மகனைப் பலியிடச் சொல்லி சொர்க்கத்திலிருந்து கட்டளை வந்ததாக நம்பிய தகப்பன் அவனைக் கொன்றார். பிறகு மாமாவிடம் சொல்லப் போனவர், அருகில் ஊர்க் காவலாளி நிற்பதைப் பார்த்து அவரைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார். சட்டத்துக்கு விரோதம் என்பது தெரிந்திருக்கிறது. ஆனாலும், தான் செய்தது தவறு என்று அறியும் நிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. பத்தாண்டு கழித்து அலகாபாத் உயர் நீதிமன்றம் லட்சுமி வழக்கில் இதை ஏற்க மறுத்தது. சட்டம் காப்பது அறியும் திறன் அற்றவரை; தவறான ஒன்றைச் சரியென்று நம்பிவிட்டவரை அல்ல என்பது அதன் வாதம்.

எங்கள் நிலைப்பாட்டைத் திறந்தே சொல்கிறோம்: கல்கத்தாதான் சரி. மாயநம்பிக்கை என்பது ஒருவர் எடைபோட்டுத் தேர்ந்துகொண்ட கருத்து அல்ல. எதிராக எதைக் காட்டினாலும் அசையாத நோய் அது. அதன் பிடியில் இருப்பவருக்கு, சரி எது தவறு எது என்று திருத்திக்கொள்ளும் வாசலே அடைபட்டிருக்கிறது. திறன் இழப்பு என்பது வேறென்ன?

டெக்சாஸின் ஆண்ட்ரியா யேட்ஸ் வழக்கும் இதே முடிச்சுதான். 2001 ஜூன் 20 அன்று ஆறு மாதம் முதல் ஏழு வயது வரையிலான ஐந்து பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் மூழ்கடித்துவிட்டு அவரே காவல்துறைக்குத் தொலைபேசினார். பிள்ளைகளை நரகத்திலிருந்து காப்பாற்றியதாக நம்பினார். போலீஸை அழைத்தாரே, அப்படியானால் தவறென்று தெரியும் என்றது அரசுத் தரப்பு. 2002-இல் ஆயுள் தண்டனை. அரசுத் தரப்பு மனநல நிபுணர் சொன்ன ஒரு தகவல், ஒளிபரப்பே ஆகாத தொலைக்காட்சித் தொடர் அத்தியாயம் பற்றியது, பொய் என்று தெரிந்ததால் 2005-இல் தீர்ப்பு ரத்தானது. 2006 மறுவிசாரணையில் பித்து காரணமாகக் குற்றவாளி அல்ல என்று ஜூரி முடிவு செய்தது. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: கைதான மறுநாளே சிறையின் மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்து, அவர் சொன்னதைப் பதிவு செய்திருந்தார். இரண்டு தரப்பும் வாதாட ஒரு அடித்தளம் இருந்தது. நம் வழக்குகளில் அது இருப்பதில்லை.

மறுநாளே பார்க்க வேண்டிய அவசியம் என்ன? பிரசவத்துக்குப் பின் வரும் உளப்பிறழ்வு, போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று. தூக்கம் போய்விடும், பேச்சு கூடும் அல்லது உறைந்துவிடும். கொடுமை என்னவென்றால் அது மணிக்கு மணி மாறும். காலையில் பிதற்றியவர் மாலையில் தெளிவாகப் பேசுவார். அந்தத் தெளிந்த அரைமணியில் பார்த்துவிட்டு "நார்மல்" என்று எழுதினால், அது அரைமணியின் சான்று மட்டுமே. மருந்து கொடுத்தால் சில வாரங்களில் பெருமளவு குணமாகும். ஆகவே சாட்சிக் கூண்டருகே நீதிபதி பார்ப்பது அமைதியான, கேட்டதற்குப் பதில் சொல்கிற ஒரு பெண்ணை. பச்சை உடம்போடு கிணற்றடியில் நின்ற பெண்ணை நீதிபதி பார்த்ததே இல்லை.

மருத்துவர்களே, உங்களிடம் கேட்பது இருபது நிமிடம். பெண் மருத்துவர் பார்க்க வேண்டும், அல்லது அவரது மேற்பார்வையில் பார்க்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 53-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிரசவ தேதி, கடைசியாக எத்தனை மணி நேரம் தூங்கினார், முந்தைய பிரசவத்தில் இப்படி ஆனதா, குடும்பத்தில் இருமுனைக் கோளாறு (மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்) உண்டா, எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பவற்றைக் கேளுங்கள். அதற்குமேல் முக்கியமானது, குழந்தையைப் பற்றி அவர் என்ன நம்பினார் என்பதை அவர் வாய்ச்சொல்லிலேயே, மேற்கோளாக எழுதுவது. "மாயநம்பிக்கை உள்ளது" என்று நீங்கள் மொழிபெயர்த்து எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. "அது என் பிள்ளை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள்" என்று அவர் சொன்னது நிற்கும். பார்த்த நேரத்தைப் போடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்து அதையும் எழுதுங்கள்.

உடல் காரணங்களை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை, சோடியம், தைராய்டு பார்க்க வேண்டும். கடும் தலைவலியோ வலிப்போ இருந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றினால் அந்த மருந்தே பிதற்றலை உண்டாக்கும். எனவே முதல் ஊசிக்கு முன் அவர் எப்படிப் பேசினார் என்பதை நேரத்தோடு பதியுங்கள். பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: குழந்தை இல்லாத மார்பில் பால் கட்டி வலிக்கும். அதை நிறுத்த வழக்கம்போல கேபர்கோலின் எழுதிவிடாதீர்கள். டோபமைனைத் தூண்டும் அந்த மாத்திரை உளப்பிறழ்வை மோசமாக்கும். வலி மாத்திரை, குளிர்ந்த ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, தேவையான அளவு மட்டும் பீய்ச்சுதல் போதும். இதைச் சிறை மருத்துவருக்கும் எழுதி அனுப்புங்கள்.

விசாரணை அதிகாரிகளே, தாய் சேய் நல அட்டையையும் கிராம சுகாதார செவிலியரின் வருகைப் பதிவையும் முதல் நாளே கைப்பற்றுங்கள். கைப்பேசியில் முந்தைய இரண்டு வாரத்து வாட்ஸ்அப் குரல் பதிவுகள், நள்ளிரவு அழைப்புகள் கிடைக்கும். தூங்காத இரவுகளை அவை காட்டும். மந்திரித்த கயிறு, கோவிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போன விவரம் எல்லாமே சான்று. "பேய் பிடித்திருந்தது", "ஜன்னி கண்டது" என்று அண்டை வீட்டார் சொன்னால், அதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் அதே சொல்லில், தேதியோடு வாக்குமூலத்தில் சேருங்கள். குடும்பத்தார் இங்கே இழப்புக்கு ஆளானவர்கள், புகார் கொடுத்தவர்கள், சாட்சிகள் மூன்றுமாக இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் கோபமோ, தங்கையின் கல்யாணம் பற்றிய கவலையோ அவர்கள் பேச்சை மாற்றிவிடும். அதற்குள் பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவில் நடுவர் முன் பதிவு செய்துவிடுங்கள்.

நடுவர் அவர்களே, ரிமாண்ட் உத்தரவில் ஒரு வரி போதும்: நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மனநல மருத்துவர் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், 1987-இன் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு அவர் உரியவர். அந்த வழக்கறிஞர் அன்றே வர வேண்டும். அறிக்கை கேட்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இன்று விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி இருக்கிறதா என்பது பி.என்.எஸ்.எஸ். 367, 368 சார்ந்தது. அன்று மனநிலை எப்படி இருந்தது என்பது 22-ஆம் பிரிவு சார்ந்தது. "மனநிலை சீராக உள்ளது" என்று கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் ஒற்றை வரி முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இரண்டையும் குழப்பித்தான் பல வழக்குகள் கெட்டுப்போகின்றன.

பிள்ளையைக் கொன்ற எல்லோருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. மனைவியைப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொல்லும் தகப்பன், நாள்பட அடித்துக் கடைசி அடியில் கொன்றவர், மறைத்த கர்ப்பத்தில் பிறந்த சிசுவை அன்றே கொன்றவர் ஆகியோரிடம் பெரும்பாலும் உளப்பிறழ்வு இருப்பதில்லை. அங்கேயும் முதல் நாள் பதிவு அரசுத் தரப்புக்கே வலு சேர்க்கும்.

இடைப்பட்டவர்களுக்கு நம் சட்டத்தில் இடமில்லை என்பது வேறு துயரம். இங்கிலாந்தில் 1938 சட்டப்படி, பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைப் பிரசவத்தால் குலைந்த மனநிலையில் கொன்ற தாய்க்குக் கொலைத் தண்டனை இல்லை. நம்மிடம் பெரும்பாலும் ஒன்று விடுதலை, அல்லது ஆயுள். 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துப் பிழைத்த பெண்ணின் வழக்கில், நல்லதங்காளின் பெயராலேயே அந்த மனநிலையை அடையாளம் கண்டது. நீடித்த சினமூட்டலைக் கொலைக்கான விதிவிலக்காக ஏற்றது. நம் மண்ணின் கதையிலிருந்து பிறந்த அந்தத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்னும் அதிகம் எடுத்தாள வேண்டும். ஆனால் அது நோயைப் பற்றியதல்ல, கொடுமையைப் பற்றியது.

விடுவித்தால் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவார் என்ற அச்சமும் தேவையற்றது. பி.என்.எஸ்.எஸ். 373-ஆம் பிரிவுப்படி செயலை அவர் செய்தார் என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். 374-ஆம் பிரிவுப்படி பாதுகாப்பான காவலில் வைக்கப்படுவார், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் பிணையத்தோடு ஒப்படைக்கப்படுவார். ஒப்படைக்கும்போது அடுத்த கர்ப்பம் பற்றி எழுத்தில் எச்சரியுங்கள்: மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை நோய் திரும்புகிறது.

கடைசியாகச் சிறை அதிகாரிகளுக்கு. மருந்து வேலை செய்து தெளிவு திரும்பும் நாட்களில்தான் அவருக்கு நடந்தது புரியும். உயிருக்கு மிக ஆபத்தான காலம் அதுதான். கேஸ் ஷீட்டில் "இம்ப்ரூவ்ட்" என்று எழுதி அன்றே வார்டிலிருந்து சிறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். தனி அறையில் பூட்டாதீர்கள். இரவில் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தையின் பெயரை அவர் கேட்டால், பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குகளில் பணியாற்றும் மனநல மருத்துவர்களும் வழக்கறிஞர்களும்