சீஸ்ஸ்டீக் பர்கர் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் அமெரிக்கப் பயணக் குறிப்பில், பிலடெல்பியாவின் சீஸ்ஸ்டீக் ‘ஒரு வகை பர்கர்’ என்று வந்திருந்தது. இல்லை. பர்கரில் இருப்பது அரைத்துத் தட்டிய இறைச்சி. இதில் மாட்டிறைச்சியை மிக மெல்லிசாகச் சீவி, இரும்புக் கல்லில் வெங்காயத்தோடு வதக்கி, மேலே சீஸ் உருகியதும் நீளமான ரொட்டிக்குள் தள்ளுவார்கள். பல கடைகளில் கல்லிலேயே கொத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டால் மதுரையில் கொத்து பரோட்டா போடுகிற சத்தம்தான்.

1930களில் தெற்கு பிலடெல்பியாவில் ஹாட் டாக் விற்றுவந்த பேட் ஒலிவியேரி ஆரம்பித்து வைத்தது இது. சீஸ் பின்னால்தான் சேர்ந்தது.

குறிப்பில் சொன்ன பிரபலக் கடைகளின் வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. என் மகள் வீட்டுக்கு அருகில், நாலைந்து மேசை போட்ட சின்ன உணவகத்தில் புரொவலோன் சீஸ் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, முக்கியமாக ரொட்டி: எண்ணெயும் சாறும் இறங்கியும் கடைசிவரை பிய்ந்து போகவில்லை. காரம்தான் சுத்தமாக இல்லை. கேட்டதும் ஊறவைத்த மிளகாய் கொடுத்தார்கள், சரி, அதற்கப்புறம் குறையில்லை. என் வயதுக்குப் பாதியே போதும்; மீதியை மருமகன் முடித்தார்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழியிலும் செய்து தருகிறார்கள். ஆனால் ஒரே கல்லில் வதக்குகிற கடைகளும் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி