ஓட்டை போடுகிற வேலை

யூலிஷ், ஜெர்மனி
நவம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே பீட் கிழங்கு அறுவடைக் காலம். ஊர்ச் சர்க்கரை ஆலை ராப்பகலாக ஓடுகிறது; ஜன்னலைத் திறந்தால் பாகும் ஈரமண்ணும் கலந்த வாடை.

"அங்க என்னதான் வேலை பாக்குற?" என்று போனில் கேட்டீர்கள். சிரிக்காதீர்கள், உங்கள் வேலையைத்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு நீங்கள் கண்ணாடி மேல் கலவை ஊற்றுகிறீர்கள். நான் பிளாஸ்டிக் தாள் மேல். நிக்கல் ஆக்ஸைடு பொடியையும் சிர்கோனியா என்ற பீங்கான் பொடியையும் குழைத்து, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்துவிடுவேன். காய்ந்தால் பாசிப்பச்சை. வட்டமாக வெட்டிச் சூளையில் வைத்தால் எரிபொருள் செல்லின், அதாவது ஹைட்ரஜனை நெருப்பில் எரிக்காமலே மின்சாரம் எடுக்கும் கருவியின், ஒரு பக்கம் தயார்.

ஒரே ஒரு வித்தியாசம். கல்லில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் நீங்கள் ஒதுக்கிவிடுவீர்கள். என் தட்டில் ஓட்டை இல்லாவிட்டால்தான் குப்பை. ஹைட்ரஜன் வர ஓட்டை, ஆக்சிஜன் அயனி வர சிர்கோனியா, மின்சாரம் போக நிக்கல்: மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் வேலை நடக்கும். வெறும் நிக்கல் போதாதா என்றால், 800 டிகிரியில் அது உருண்டு திரண்டுவிடும். சிர்கோனியா பிடித்து நிறுத்துகிறது. ஹைட்ரஜன் பட்டதும் ஆக்ஸைடு நிக்கலாகிச் சுருங்கும், ஓட்டை பெருகும், பச்சை சாம்பலாகும். காரைக்குடி சிக்ரி ஆய்வுக்கூட வாசலில் பஸ் நிற்கும்போது உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்பேனே, இந்த மின்வேதியியல்தான்.

போன மாதம் சிலிண்டர் முள்ளைச் சரியாகப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி ஹைட்ரஜன் தீர்ந்து காற்று புகுந்துவிட்டது. நிக்கல் மறுபடி ஆக்ஸைடாகி உப்பி, ஹைட்ரஜனையும் காற்றையும் பிரித்து வைக்க மேலிருந்த, முடியைவிட மெல்லிய பத்து மைக்ரான் படலத்தைக் கீறிவிட்டது. காலையில் எடுத்தால் ஓரமெல்லாம் பச்சை, நடுவில் சாம்பல், குறுக்கே மயிரிழை விரிசல். நீங்கள் கல்லைக் காதருகே வைத்துத் தட்டுவீர்களே, அப்படித் தட்டிப் பார்த்தேன். 'டொக்'. மூன்று வார உழைப்பு. இதே ஊரில் ஒரு செல் அடுக்கை 2007-ல் ஏற்றி, 700 டிகிரியில் 1,00,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி 2019-ல்தான் நிறுத்தினார்கள். என்னுடையது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

அடுத்த தட்டு நாளை சூளைக்குப் போகிறது. அங்கே மழையில் கல் காயாமல் கிடக்கிறதாமே, அம்மா சொன்னாள். நிக்கல் பொடி நெஞ்சுக்கு ஆகாது என்று நான் முகமூடி இல்லாமல் தொடுவதில்லை. நீங்களும் சிமெண்ட் தூவும்போது துண்டையாவது மூக்கில் கட்டுங்கள். கட்டமாட்டீர்கள், தெரியும். அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு மகள்