சேற்றில் நிற்கும் கால்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது இதயம் தளர்ந்துவிட்டதன் அறிகுறி, அதனால் நடையைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பாபநாசம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குறுவை நடவுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண் அதைப் படித்துவிட்டு, "அத்தை, என் இதயம் முடிஞ்சுபோச்சா?" என்று அழுதாள். வேலைக்கும் போகவில்லை, கட்டிலை விட்டும் இறங்கவில்லை.

தாங்கள் அறியாததல்ல. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் தந்துகிகள் எனும் மயிரிழை ரத்தக்குழாய்களைத் தாண்டுவதற்குள் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நடக்கும்போது பாதத்து ரத்தத்தை மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்குத்தான். அது சுருங்கிச் சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை (ஊரில் நரம்பு என்பது இதைத்தான்), பிழிய, உள்ளே இருக்கும் வால்வுகள், போர் மோட்டாரின் ஃபுட் வால்வு போல, ஏறியதை இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். வால்வு நன்றாக உள்ள காலில், நடந்தால் அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வால்வு கெட்டால் ரத்தம் தேங்கிச் சிரை புடைத்துச் சுருளும். அதற்கு இதயம் கெட்டிருக்க வேண்டியதில்லை.

1628இல் வில்லியம் ஹார்வி என்ற இங்கிலாந்து மருத்துவர் தன் நூலில் விளக்கிக் காட்டியதைத்தான் அவளுக்கு என் கையிலேயே காட்டினேன். மேல்கையைத் துணியால் கட்டினால் முன்கைச் சிரை புடைத்து, அங்கங்கே முடிச்சு முடிச்சாகத் தெரியும்; வால்வு இருக்கும் இடங்கள் அவை. ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேலே இருக்கும் முடிச்சைத் தாண்டி வழித்துவிட்டால், நடுவில் உள்ள துண்டு காலியாகவே கிடக்கும். மேலே போன ரத்தம் திரும்பி வராது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

இது முதல் தடவையும் அல்ல. பொங்கல் மலரில் சிரைகளில் நீல ரத்தம் ஓடுவதாக அச்சிட்டீர்கள். எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்த கை இது; அது கருஞ்சிவப்புதான். அப்போதும் எழுதினேன். மலரைப் பாராட்டிய வரியை மட்டும் போட்டுவிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். மனசு கஷ்டப்பட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், சரி. அந்தத் தண்ணீரில் கருக்கலிலிருந்து குனிந்து நிற்கும் பெண்களின் காலைப் பற்றி எழுதும்போதாவது விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கணுக்காலில் ஆறாத புண்ணோடு, வெட்கப்பட்டுப் புடவையை இழுத்து மூடிக்கொண்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவள் நான்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் அவ்வப்போது வரப்பில் ஏறி நடக்கட்டும். ராத்திரி காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கட்டும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தாலோ, கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.