அறுபதுக்கு மேல் திரைவாசிப்பான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோயாலோ கண் நீர் அழுத்தத்தாலோ அறுபது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பழகும் பயிற்சிக்கு அழைத்து வரும் பிள்ளைகள், பத்தே நாளில் ‘அப்பாவுக்கு இனிமே ஏறாதுங்க’ என்று திரும்பக் கூட்டிப்போகிறார்கள். பெரும்பாலும் தடை விரலிலும் காதிலும்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கில், விரலால் தடவினால் அங்கிருப்பதைப் போன் சொல்லும். அதைத் திறக்க, திரையில் எங்கு வேண்டுமானாலும் இருமுறை தட்டலாம். இதைச் சொல்லித் தராததால், பெரியவர் பொத்தானின் மேலேயே தட்டப் பார்ப்பார். விரல் நழுவி அடுத்ததற்குப் போய்விடும். இரண்டு தட்டுக்கும் நடுவே நேரம் கூடினாலும் போன் ஏற்காது. நுனி வறண்டிருந்தால் தொட்டதே சில சமயம் பதியாது. போனை மேசையில் ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, திரையில் ஒட்டிய தடித்த கண்ணாடியை எடுத்துவிட்டு, விரலை ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அழைப்பை எடுக்கப் பொத்தானே தேட வேண்டாம்: புதிய போன்களில் இரண்டு விரலால் இருமுறை தட்டினால் போதும், துண்டிக்கவும் அதுவே.

வயதானால் முதலில் குறைவது கீச்சான ஒலிகளைக் கேட்கும் திறன். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். அமைப்புகளில் பேச்சு வேகத்தைக் குறைத்து, கனத்த குரலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்க் குரலைத் தரவிறக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ்க் குறுஞ்செய்தி வந்தாலும் போன் ஒழுங்காகப் படிக்காது.

ஓ.டி.பி.தான் பெரிய சோதனை. ஆறு எண்களைக் கேட்டு, மனத்தில் வைத்து, வேறு திரைக்குப் போய் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கூகுள் மெசேஜஸ் அறிவிப்பிலேயே எண்ணை நகலெடுக்கும் பொத்தான் வரும். முதல் வாரத்திலேயே அதைப் பழக்கிவிட வேண்டும்.

தட்டச்சில் லோயர், ஹையர் தேறி ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்குப் போனைவிடக் கணினியே எளிது. எஃப், ஜே விசைகளின் மேட்டைத் தொட்டதும் விரல்கள் தாமாக உட்காரும். கணினிக்கான இலவசத் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ.வில் இன்செர்ட்டுடன் 1-ஐ அழுத்தினால், அதன் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் பெயரை மட்டும் சொல்லும், எதுவும் அழிந்துவிடாது. ‘எதையாவது கெடுத்துவிடுவேனோ’ என்ற பயம் அங்கேதான் போகிறது. பழைய தமிழ்த் தட்டச்சு முறை என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் உண்டு.

பயிற்சி மையங்கள் இவர்களை இருபது வயதுக்காரர்களோடு உட்கார வைக்காமல் தனி வகுப்பு நடத்த வேண்டும். அரை மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு வேலை. கண் மருத்துவர்களும் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும்போதே இவர்களை அனுப்பிவைக்க வேண்டும். திரையின் அமைப்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவருக்கு, பிறகு விரலால் தேடுவது எளிது.

– திரைவாசிப்பான் பயிற்றுநர், திருச்சி