ஆணிகளோடு நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்

ரயில் அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ரயில் வரலாறே மூச்சாக வாழ்ந்த என் நண்பர் இறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அவருடைய சேகரிப்பைப் பார்க்க ஓர் அமைப்பிலிருந்து வந்தார்கள். என்ஜின்களின் பித்தளைப் பெயர்ப்பலகைகளையும் கார்டு விளக்குகளையும் உடனே கேட்டார்கள். அவர் எழுதிவைத்த நாற்பது நோட்டுகளை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு டப்பா நிறைய ஆணிகள் உண்டு. அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஒரு காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில் அடித்துவைத்தவை. தலையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். உளுத்துப்போகாமல் இருக்க மருந்தூட்டிய கட்டை எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று கணக்கு வைக்க அப்படி ஓர் ஏற்பாடு. எந்தப் பாதையில், எந்த மைல் கல்லருகே இருந்தது என்று தெரியாவிட்டால் அந்த ஆணி ஊமை என்பார் நண்பர். ஒவ்வோர் ஆணிக்கும் நோட்டில் ஓர் எண்ணும் ஒரு வரியும் இருக்கின்றன. நோட்டை விட்டுவிட்டு டப்பாவை எடுத்துப்போனால் மிஞ்சுவது பழைய இரும்புதான்.

நேரம், தேதி என்று வந்துவிட்டால் விடவே மாட்டார். ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரத்தை விட்டு அமெரிக்க ரயில்கள் பொது நேரத்துக்கு மாறியது 1883 நவம்பர் 18 அன்று. அதற்கு முந்தைய கால அட்டவணையில் 8 மணி என்று இருந்தால், அது எந்த ஊர்க் கடிகாரத்தின் 8 மணி என்று கண்டுபிடித்த பிறகே எழுதிக்கொள்வார். ஆதாரங்கள் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அப்படி ஒரு கேள்விக்குறியை அழித்த இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

அயர்லாந்தில் ஆர்மா அருகே 1889 ஜூன் 12 அன்று நடந்த விபத்தைப் பற்றி மட்டும் ஒரு முழு நோட்டு இருக்கிறது. மேடு ஏற முடியாமல் நின்ற சுற்றுலா ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். கழற்றிய பெட்டிகள் பின்னோக்கி உருண்டுபோய், அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். பெட்டி கழன்றாலும் தானாகப் பிடிக்கும் பிரேக்கைப் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. “இந்த பிரேக்குக்கு யார் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதாமல் என்ஜினின் இழுவைத்திறனை மட்டும் எழுதினால் அது வரலாறா?” என்று கேட்பார்.

அவருடைய குடும்பத்தார் பணம் எதுவும் கேட்கவில்லை. பலகை, விளக்கு, ஆணி, புகைப்படம், நோட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில், அவர் போட்ட எண் வரிசை குலையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். அழிக்கப்படாத கேள்விக்குறிகள் அந்த நோட்டுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
அவருடைய நண்பன்