மகன் போன பிறகும் மைதானத்தில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து விளையாட வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மைதானம் குறைவு, பயிற்சியாளர்கள் குறைவு என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் இன்னொரு ஆளும் குறைவு: தன் பிள்ளை விளையாட்டை விட்ட பிறகும் மைதானத்துக்கு வந்து உதவுகிற அம்மாவோ அப்பாவோ. அந்த ஆளைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. 2011-ல் என் மகனுக்கு 9 வயது. தெருப் பையன்களோடு ஃபுட்பால் கிளப்புக்குப் போகிறேன் என்றான். கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பள்ளிக்கூட மைதானம், இரண்டு போஸ்ட், நாலு பந்து, காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கும் ஒரு கோச். அவனைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு நாள் கோச், "அக்கா, இந்த அட்டெண்டன்ஸ் மட்டும் எழுதித் தர்றீங்களா?" என்று நோட்டை நீட்டினார். அன்று எழுத ஆரம்பித்தவள்தான். இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது.

அட்டெண்டன்ஸில் தொடங்கிய வேலை தானாக வளர்ந்தது. கடையில் மிஞ்சிய பனியன் துணியை வாங்கி, இரண்டு அணியையும் பிரித்துக் காட்டச் சட்டைக்கு மேலே மாட்டும் பிப் இரண்டு நிறத்தில் தைத்தேன். மைதானத்தில் கோடு போட முதலில் சுண்ணாம்புத் தூள்தான். பாய்ந்து பந்தைப் பிடித்த ஒரு கோல்கீப்பர் பையனின் கண்ணில் அது பட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, கண் தப்பியது. அதிலிருந்து கோலமாவுதான். அந்த வேலை என்னிடம் வந்தது. தினமும் வாசலில் இழை இழுக்கும் கை, அதனால் கயிறு கட்டாமலே கோடு நேராக வந்துவிடும்.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மாலை நாலரைக்கும் மண் சுடும். வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பு கூடிப்போய் நல்லதுக்குப் பதில் கெடுதல் ஆகும். இதை ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலையில் அடிபட்ட பையன் "ஒண்ணும் இல்லக்கா" என்று எழுந்து ஓடினாலும் அன்றைக்கு அவனை மறுபடி உள்ளே விடக் கூடாது. கோச் இருபது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தடுமாறி நடக்கிற ஒருவனைக் கவனிக்க வெளியே ஒரு ஆள் வேண்டும்.

நன்கொடையாகப் பந்து வாங்கித் தரும் நல்ல மனசுக்காரர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர் பந்தைத்தான் வாங்கி வருகிறார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நாலாம் நம்பர்தான் சரி. ஏற்காட்டுக்கு மேட்ச் ஆடப் போனால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் என் பையில் இருக்கும். அப்புறம் ஆன்லைன் பதிவு. போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டும். தறியில் நிற்கிற அம்மாவிடம் போய் ஓடிபி கேட்டு வாங்கி வருவேன். ஒரு அப்பா மகனுக்கு இரண்டு வயது குறைத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து அந்தப் பையன் வரவில்லை. நன்றாக ஆடுகிற பையன். அது இன்னும் எனக்கு வலிக்கிறது, ஆனாலும் நான் சொன்னது சரிதான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது பெண்பிள்ளைகளைப் பற்றி. 2016-ல் முதன்முதலாக மூன்று பேர் வந்தார்கள். அவர்களின் அம்மாக்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அங்க பொம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களா?" நான் இருப்பேன் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் சிக்கல் கொலுசில் வந்தது. சேலத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான் சோறு போடுகிறது. அந்த வீட்டுப் பெண் கொலுசில்லாமல் வெளியே போவதைப் பாட்டிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஃபுட்பால் விதியில் நகைக்கு இடமே கிடையாது. தோடு, மூக்குத்தி, கொலுசு எதுவும் கூடாது. மேலே டேப் சுற்றி மறைத்தாலும் செல்லாது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினேன். ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஆளுக்கு ஒரு துணிப்பை தைத்துப் பெயர் எழுதி வைத்தேன். வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, போகும்போது மாட்டிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் கழற்ற மறந்து ஓடிய ஒருத்தியின் கொலுசு திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. பையன்கள், பெண்கள், கோச் எல்லோரும் வரிசையாகக் குனிந்து இருட்டும்வரை தேடினோம். கார்னர் பக்கத்துப் புல்லில் கிடைத்தது. அன்று கிடைக்காமல் போயிருந்தால் அவள் மறுநாள் வந்திருக்க மாட்டாள்.

அடுத்த சிக்கல் 12, 13 வயதில் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நின்றுவிடுவாள். காரணத்தைக் கோச்சிடம் சொல்ல மாட்டாள். என் பையில் எப்போதும் நாப்கின் உண்டு. கழிவறைச் சாவியை வாட்ச்மேனிடம் அவளே போய்க் கேட்க வேண்டியதில்லை, ஒரு சாவி என்னிடம் இருக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக விளையாட்டை விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ என்று நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்து முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. அந்தச் செய்தியை வெட்டி நோட்டின் அட்டையில் ஒட்டினேன். பெண்ணை அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு அந்த நோட்டோடுதான் போவேன். 2023-ல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடி ஜெயித்தார்கள். பழைய நோட்டிலிருந்து முதல் செய்தியைப் பத்திரமாகப் பிரித்து, புதிய நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

2019-ல் என் மகன் பிளஸ் டூ முடித்துக் கோவைக்குப் படிக்கப் போனான். "பையன்தான் போயிட்டானே, உங்களுக்கு இன்னும் என்ன அங்க வேலை?" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் சரியென்று பட்டது. நோட்டையும் டப்பாவையும் கோச்சிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே வந்தார். ஐந்து பெண்பிள்ளைகளில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள், அக்கா இல்லை என்றால் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் போய்விட்டேன். மூன்றில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

இத்தனை வருஷத்தில் ஆசையாக வந்து உதவிய பெற்றோர் எத்தனையோ பேர். யாரையும் குறை சொல்லவில்லை, தறியும் கடையும் விட்டுவிட்டு வருகிறவர்கள். ஆனால் பிள்ளை நின்ற அன்றே அவர்களும் நின்றுவிடுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, எந்த வீட்டில் பஸ் காசு இருக்காது, எந்தப் பையன் அப்பா வந்து கத்தினால் பயந்துபோய்ப் பந்தையே தொட மாட்டான் என்பதெல்லாம் தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. தெரிந்துகொண்ட சமயத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் கிளப்புக்குப் பந்து கொடுக்க ஆள் இருக்கிறது, ஜெர்சிக்கும் ஆள் கிடைக்கிறது. பிள்ளை போன பிறகு ஒரே ஒரு வருஷம், வாரத்துக்கு ஒரு நாள் வந்து நிற்கத்தான் ஆள் இல்லை. ஃபுட்பால் தெரிய வேண்டாம். எனக்கே ஆஃப்சைடு விதி புரிய நாலு வருஷம் ஆனது. உங்கள் வாசகர்களில் அப்படி ஒரு அம்மாவோ அப்பாவோ இருந்தால், தன் பிள்ளை ஆடிய மைதானத்துக்கு இந்த ஞாயிறு மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் மைதானத்துக்கு ஒரு அப்பா வந்தார். பத்தாம் வகுப்பு என்று அவர் மகள் விளையாட்டை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. "சும்மாதான் வந்தேங்க்கா" என்றவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என் கையிலிருந்த கோலமாவு வாளியை வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த ஞாயிறும் வந்தார். கோடு இன்னும் கொஞ்சம் வளைகிறது. இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.